ஏரியல் கம்பியைச் சுற்றி வைக்கும் முறை

2018ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய ஜில்லாக்களில் தென்னைகளை வீழ்த்தியதோடு மின்கம்பங்களையும் பல்லாயிரக் கணக்கிற் சாய்த்துவிட்டது. பல கிராமங்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. கோபுரங்கள் செயலற்றபடியால் கைப்பேசிகளும் பயனற்றுப் போயின. இத்தகைய வேளையில் வெளியுலகச் செய்தியைக் கொணர்ந்து தரவல்ல சாதனம் பாட்டரியால் இயங்கும் சிறிய ரேடியோப் பெட்டியே. அப்பெட்டிக்குத் தொலைவிலுள்ள நிலையத்தைத் தெளிவாகக் கேட்பிக்கும் துணை, ஒரு நீண்ட ஏரியல் கம்பியாகும்.

ஆயினும், பெரும்பாலான வீடுகளில் அக்கம்பி இருக்கும் நிலை யாது? பரண்மேல் ஒரு மூலையில், பழைய சாக்கிற்கும் அறுந்த கயிற்றிற்கும் நடுவே, தலை எது வால் எது என்றறிய இயலாத சிக்கற் குவியலாகக் கிடக்கின்றது. காற்று எழும்பிய பிறகு அதனை எடுத்துச் சிக்கறுக்க முயல்வோருக்கு அரை மணி நேரம் வீணாவதன்றி, கம்பியும் பாதியில் அறுகின்றது. ஆகவே, ஏரியல் கம்பியைச் சுற்றி வைப்பது அற்ப விஷயமென்று தள்ளத்தக்கதன்று. விதை நெல்லைப் பதனஞ் செய்வது போல, வேண்டும் நாளுக்கு முன்பே செய்துவைக்க வேண்டிய காரியம் அது.

நீண்ட கம்பியின் உபயோகம்

தமிழ்நாட்டு வேளாளருக்கும் ரேடியோவுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. சென்னை நிலையம் 1938ஆம் வருஷம் ஜூன் 16ஆம் தேதியும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் வருஷம் மே 16ஆம் தேதியும் ஒலிபரப்பைத் தொடங்கின. 1960ஆம் ஆண்டுகளில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி நிலையத்தார் இடைவிடாது கூறிவந்தமையால், தஞ்சை ஜில்லாவில் அந்நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வழங்கலாயிற்று. அக்காலத்திற் பஞ்சாயத்துக் கட்டிடத்தின்மேல் இரு மூங்கில்களுக்கிடையே கட்டிய ஏரியல் கம்பியைக் கண்டிராத முதியோர் அரியர்.

பின்னர் வந்த சிறிய டிரான்ஸிஸ்டர் பெட்டிகளில் மத்திய அலைக்கென ஒரு கரிய காந்தக்கோலும், சிற்றலைக்கென இழுத்து நீட்டும் உலோகக் குழலும் பெட்டியிலேயே அமைந்திருப்பதால், வெளிக் கம்பி வேண்டுவதில்லை என்ற எண்ணம் பரவிற்று. நிலையம் அருகிலிருக்கும் வரையில் இது சரியே. ஆனால் மத்திய அலையிலும் சிற்றலையிலும் இயங்கிய ஒலிபரப்பிகள் பல அண்மை வருஷங்களில் நிறுத்தப்பட்டுவிட்டன. எஞ்சியவை சில கிராமங்களுக்கு வெகு தொலைவில் உள்ளன. கம்பியிட்ட கான்கிரீட் கூரையும் தகரக் கூரையும் அலைகளைத் தடுப்பனவுமாம். இவ்விடங்களில் வீட்டிற்கு வெளியே 20 முதல் 30 அடி வரை இழுத்துக் கட்டிய சாதாரணக் கம்பியே பேதம் விளைவிக்கும். தொலைநிலையங்களுக்கு 100 அடி வரை செல்லலாம். அதற்கு மேற்பட்ட நீளம் சிறிய பெட்டிகளுக்கு அனுகூலமன்று. வலிய நிலையங்கள் பல ஒருங்கே புகுந்து ஒன்றையொன்று குழப்பிவிடும். எப்.எம். ஒலிபரப்பிற்கு இக்கம்பி தேவையில்லை.

சிற்றலையைக் கேட்கக் கம்பியின் நுனியைப் பெட்டியின் உலோகக் குழலிற் கவ்வியாற் பிடித்தாற் போதும். மத்திய அலைக்கு அவ்விதம் செய்வதனாற் பயன் இல்லை. காந்தக்கோல் பெட்டியினுள் நீளவாட்டிற் கிடப்பதால், கம்பியைப் பெட்டியின் மேற்புறம், முன்புறம், அடிப்புறம், பின்புறமாக மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மிகுந்த நுனியை ஈரமண்ணில் அடித்த ஓர் இரும்பு முளையோடு இணைத்தல் வேண்டும். இதற்கு வீட்டு மின்சார இணைப்பின் நிலக்கம்பியை உபயோகித்தலாகாது.

கம்பி பழுதாகும் விதம்

கம்பியை முழங்கையிலும் உள்ளங்கையிலும் மாட்டி ஒரே திசையாகச் சுற்றுவது எங்கும் காணப்படும் வழக்கம். இதிலுள்ள தீங்கு வெளிப்படையாய்த் தெரிவதில்லை. அவ்வாறு ஒரு வளையம் சுற்றுந்தோறும் கம்பியில் ஒரு முழு முறுக்கு ஏறுகின்றது. 40 வளையம் சுற்றினால் 40 முறுக்கு ஏறும். வளையங்களாய்க் கிடக்கும் வரையில் அவை அடங்கியிருக்கும். நுனியைப் பற்றி இழுத்தவுடனே வெளிப்பட்டு, கம்பியைத் தன்மேலேயே சுருளச் செய்யும். புதுக் கிணற்றுக் கயிறு முறுக்குத் தளராமையாற் கொடிபோற் சுருண்டு மடங்குவதை யாவரும் கண்டிருப்பர். கம்பியில் நிகழ்வதும் அதுவே.

கயிற்றின் மடிப்பு உதறினால் நீங்கும். கம்பியின் மடிப்பு நீங்காது. சிறு வளையம் ஒன்று விழுந்திருக்கும்போது அவசரத்தில் இழுத்தால், அவ்வளையம் இறுகி ஊசிமுனை போன்ற மடிப்பாகின்றது. மறுமுறை அதே இடத்தில் வளையும்போது உள்ளேயுள்ள செப்பிழைகள் ஒவ்வொன்றாய் ஒடியும். மேலுறை முழுமையாய்த் தோன்றும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். பெட்டியிற் பழுது என்று எண்ணி அதனைக் கழற்றிப் பார்ப்போர் உண்டு. குற்றம் பெட்டியினுடையதன்று, சுற்றிய கையினுடையது.

சுற்றாமற் பையில் அள்ளிப் போடுவது இதனினும் தீது. அமெரிக்காவில், கலிபோர்னியா ஸர்வகலாசாலையின் ஸான் டியேகோ கிளையைச் சேர்ந்த ரேமர், ஸ்மித் என்னும் இருவர், ஒரு பெட்டியிற் கயிற்றுத் துண்டை இட்டுச் சுழற்றிப் பார்த்த பரிசோதனையை 2007ஆம் வருஷம் வெளியிட்டனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட முறை செய்து பார்த்ததில், நீளமான கயிறு சில விநாடிகளுக்குள்ளேயே தானாக முடிச்சிட்டுக் கொள்வதைக் கண்டனர். ஒன்றரை அடிக்குக் குறைந்த துண்டுகளே முடிச்சு விழாமற் பெரிதும் தப்பின. ஆகவே சிக்கு விழுவதற்கு எலியையோ குழந்தைகளையோ நோவதிற் பயன் இல்லை. தளர்ந்து அசையும் நீண்ட கம்பிக்குச் சிக்கு இயல்பு. அசையவொட்டாமற் கட்டி வைப்பதே அதற்கு மாற்று.

தகுந்த கம்பி

ஒற்றையிழைத் தடித்த செப்புக் கம்பி, நிரந்தரமாய்க் கட்டிவைப்பதற்கு ஏற்றதேயன்றி அடிக்கடி சுற்றி விரிப்பதற்கு ஏற்றதன்று. பல மெல்லிய இழைகளைக் கூட்டிப் பிளாஸ்டிக் உறையிட்ட நெகிழ்வான கம்பியே உகந்தது. மின்சாமான் கடைகளில் அரைச் சதுர மில்லிமீட்டர் அளவிற் கிடைக்கும் கம்பி போதுமானது. அதில் 100 அடி ஏறத்தாழக் கால் கிலோ எடையே இருக்கும். உறையின் நிறம் பச்சையாயிருந்தால் வயலிற் கண்ணுக்குப் புலப்படாது. ஆளும் மாடும் தடுக்காதிருக்கச் சிவப்பு அல்லது மஞ்சள் நிறமே மேல்.

சுற்றும் பலகை

இதனைக் கிராமத் தச்சர் எவரும் அரை மணியிற் செய்து தருவார். நன்குலர்ந்த மரத்தில் 16 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள பலகை ஒன்று வேண்டும். ஒன்றுக்கொன்று 12 அங்குல தூரத்தில், விரற்பருமனும் 3 அங்குல உயரமும் உள்ள இரண்டு முளைகளை அதிற் பதித்தல் வேண்டும். முளைகளின் தலை சற்று வெளிப்புறம் சாய்ந்திருந்தாற் கம்பி நழுவாது. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குதல் அவசியம், கூரிய விளிம்பு உறையை அறுக்கும். பலகையின் ஒரு கோடியில் ஒரு துளையிட்டு, கம்பியின் வீட்டு நுனியை அதில் முடிதல் வேண்டும்.

பலகை கிடையாதவிடத்து இடது கையின் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அவற்றையே முளைகளாகக் கொள்ளலாம். 30 அடிக் கம்பிக்கு இதுவே போதும்.

எட்டு வடிவிற் சுற்றுதல்

இம்முறையின் உயிர், கம்பியை வட்டமாகச் சுற்றாமல் எட்டு என்னும் இலக்கத்தின் வடிவாகச் சுற்றுவதே. முதல் முளையை வலப்புறமாகச் சுற்றி, நடுவிற் குறுக்கே கடந்து, இரண்டாம் முளையை இடப்புறமாகச் சுற்றுதல் வேண்டும். வலப்புற வளைவு ஏற்றும் முறுக்கை இடப்புற வளைவு இறக்கிவிடுகின்றது. வரவும் செலவும் நேராகிக் கணக்கில் ஒன்றும் நிற்பதில்லை. ஆதலால், எத்தனை சுற்றுச் சுற்றினும் கம்பி முறுக்கின்றிப் படிந்திருந்து, இழுக்கும்போது நேராக வரும்.

செய்கை முறை பின்வருமாறு.

1. மரத்துப் பக்கத்துக் கயிற்றைத் தளர்த்திக் கம்பியைத் தரையில் இறக்குக. பெட்டியிலிருந்து கவ்வியை முன்னதாகவே கழற்றிவிடுக.

2. வீட்டு நுனியிலிருந்து தொடங்கி, மரத்தை நோக்கி நடந்துகொண்டே சுற்றுக. கம்பியைத் தம்மை நோக்கி இழுத்தலாகாது. அறுத்த தாளிலும் வரப்பிலும் உராய்ந்து உறை கிழியும், முள்ளும் சேறும் உடன் வரும்.

3. வலது கையில் ஒரு துணியை மடித்துப் பிடித்து, அதன் ஊடே கம்பியைச் செல்லவிடுக. மண்ணும் பனியும் துடைபடும். உறையிற் கீறல் இருந்தாற் கைக்குத் தெரியும்.

4. இறுக்கிச் சுற்றற்க. கம்பி முளையின்மேற் படிந்திருந்தாற் போதும். இறுக்கிச் சுற்றியது வெயிலில் உறை இளகி முளையின் வடிவத்தையே பெற்றுவிடும்.

5. எட்டுகளை எண்ணுக. 12 அங்குல இடைவெளியுள்ள பலகையில் 100 அடிக் கம்பி ஏறத்தாழ 40 முதல் 45 எட்டுகளாக அமையும். முதல் முறை வந்த எண்ணைப் பலகையிலேயே எழுதிவைத்தால், பின்னொரு முறை குறைந்து வருங்காற் கம்பியின் ஒரு பகுதி தவறிவிட்டதென்று அறியலாம்.

6. மரத்து நுனி கடைசியாக வந்து மேலே நிற்கும். எட்டின் இடுப்பில், கம்பிகள் குறுக்கிடும் இடத்தில், ஒரு துணிநாடாவால் இருமுறை சுற்றிச் சுருக்கு முடிச்சிடுக. ரப்பர் வளையம் கூடாது. அது நாளடைவில் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள கந்தகம் செப்பு நுனியைக் கறுக்கச் செய்யும்.

பழகியவர்க்கு 100 அடிக் கம்பியைச் சுற்ற ஐந்து நிமிஷத்திற்கு மேல் ஆகாது.

விரித்துக் கட்டுதல்

மேற்கூறிய வரிசையிற் சுற்றியதன் பயன் விரிக்கும்போது விளங்கும். மரத்திற் கட்டவேண்டிய நுனி மேலேயே இருப்பதால், அதனை முதலில் மரத்துக் கயிற்றிற் பிணைத்து, பலகையை ஏந்தி வீட்டை நோக்கி நடந்தால் எட்டுகள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்து வரும். வீடு சேரும்போது பெட்டிக்குரிய நுனி கையில் நிற்கும்.

மரக்கிளையிற் போட்ட நைலான் கயிற்றை எப்போதும் அங்கேயே விட்டுவைத்து, அதன் இரு முனைகளையும் அடிமரத்திற் கைக்கெட்டும் உயரத்திற் கட்டிவைத்தால், ஒவ்வொரு முறையும் மரமேற வேண்டுவதில்லை. கயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவே ஓர் அங்குலப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வளையமாகக் கோத்தால், ஈரக் கிளையின் வழியே அலை கசியாது. வீட்டுப் பக்கத்திலும் கம்பியை ஒரு கயிற்றால் இறவாரத்தில் தாங்கச் செய்தல் வேண்டும். காற்றின் இழுப்புப் பெட்டியின் மெல்லிய குழலிற் படலாகாது. மரம் காற்றில் அசையுமாதலாற் கம்பியைச் சற்றுத் தொய்வாகவே கட்டுக. வண்டிப் பாதைக்குக் குறுக்கே கட்டுதல் கூடாது. பம்ப்செட்டு மோட்டாரும் எல்.இ.டி. விளக்கும் மத்திய அலையில் இரைச்சல் உண்டாக்கும். கம்பியை அவற்றினின்று தூரமாய் இழுத்துச் செல்லுதல் நன்று.

உயிருக்குரிய எச்சரிக்கை

கம்பியைச் சுற்றப் பழகுவது வெறும் ஒழுங்குக்காக அன்று. சுற்றுவது தொல்லையென்று எண்ணுவோர் கம்பியை மழைக்காலம் முழுதும் மரத்திலேயே விட்டுவிடுகின்றனர். ஐப்பசி கார்த்திகை மாலைகளில் இடி விழுங்கால் அக்கம்பியே அபாயத்தை வீட்டிற்குள் அழைத்து வருகின்றது. ஐந்து நிமிஷத்திற் சுற்றத் தெரிந்தவர் மேகம் கறுக்கும்போதே இறக்கிவிடுவார். எளிதிற் சுற்றப்படும் கம்பியே ஆபத்தற்ற கம்பி.

இடியோசை ஒரு முறை காதில் விழுந்த பிறகு கம்பியைத் தொடலாகாது, இறக்கவும் முயலலாகாது. ஒலி மின்னலுக்குப் பின் 30 விநாடி கழித்து வந்தாலும் மின்னல் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டரிலேயே உள்ளது. அவ்வேளையிற் கம்பியை விட்டு நீங்கி, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். புயல் அடிக்கும் நேரத்தில் வெளிக்கம்பியை நம்புதலும் கூடாது. அது புயலுக்கு முன்னும் பின்னும் உதவுவது. காற்று மிகும் முன்பே சுற்றி உள்ளே கொணர்ந்துவிட்டு, பெட்டியை அதன் சொந்தக் குழலோடு கேட்டல் வேண்டும்.

மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ அருகிலோ ஏரியலைக் கொண்டு செல்லலாகாது. மின்கம்பத்தை ஒரு முனையாக்கிக் கட்டுதல் ஒருபோதும் கூடாது. கல்லைக் கட்டிக் கயிறெறியும்போது அது தவறிப் போய் விழக்கூடிய தூரத்திலும் மின்கம்பி இருத்தலாகாது. புயலுக்குப் பின் அறுந்து கிடக்கும் எக்கம்பியையும் ஏரியலுக்கென எடுக்க முற்படலாகாது. அதில் மின்சாரம் இல்லையென்று கண்ணால் அறிய வழியில்லை.

சேமித்து வைத்தல்

சுற்றிய பலகையை நிழலில் ஒரு நாள் உலரவிட்ட பின்னரே உள்ளே வைத்தல் வேண்டும். கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்றுப் பட்ட கம்பியை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துக. உறையற்ற நுனிகளிற் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ஈயப்பற்று வைத்துவிட்டால் மறுபடி ஏறாது.

வைக்கும் இடமும் முக்கியம். உர மூட்டைகள் அடுக்கிய அறை ஏற்றதன்று. உரத்தினின்று எழும் அம்மோனியா ஆவி செம்பை அரிக்கவல்லது. பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் உறையைக் கெடுக்கும். தகரக் கூரையின் கீழுள்ள பரணில் வெப்பத்தால் உறை வறண்டு வெடிக்கும். எலிகள் உறையைக் கடிக்குமாதலால், மூடியுள்ள தகரப் பெட்டியில், துணிப்பைக்குள் இட்டு வைப்பதே உத்தமம். அதே பெட்டியில் ரேடியோ, கவ்வி, முளை, உதிரிக் கயிறு ஆகியவற்றையும் ஒருங்கே வைக்கலாம். பாட்டரிகளை ரேடியோவினுள் விட்டுவைத்தால் அவை கசிந்து பெட்டியை அரிக்கும். தனியே எடுத்துத் தாளில் மடித்து வைத்தல் வேண்டும்.

கம்பி உள்ளே அறுந்துள்ளதா என்றறிய, ஒரு டார்ச்சுப் பாட்டரியையும் சிறு பல்பையும் கம்பியின் இரு நுனிகளோடு வரிசையாய்ச் சேர்த்துப் பார்த்தாற் போதும். பல்பு எரிந்தாற் கம்பி நன்று. கம்பியை அங்கங்கே வளைக்கும்போது வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தால் அவ்விடத்தில் ஒடிவு உள்ளது. அங்கே வெட்டி, இழைகளை ஒன்றோடொன்று முறுக்கி, ஈயம் பற்றவைத்து, நாடாச் சுற்றி உபயோகிக்கலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு வீட்டிலும் இச்சாதனம் இருப்பது அரிது. ஆனால் கிராமத்திற்கு ஒன்றேனும் இருத்தல் இயலாததன்று. பஞ்சாயத்து அலுவலகத்திலோ, புயற்காலத்தில் மக்கள் தங்கும் பள்ளிக்கட்டிடத்திலோ ஒரு ரேடியோவும் சுற்றிய கம்பிப் பலகையும் இருப்பின், மின்சாரம் நின்ற நாட்களில் வானிலை எச்சரிக்கையையும் அரசாங்க அறிவிப்புகளையும் அறிந்து ஊராருக்குத் தெரிவிக்கலாம். புரட்டாசி மாதத்திலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, ஒரு மாலை அதனை விரித்துக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பகலிற் கேட்கும் நிலையம் ஒன்றாகவும் இரவிற் கேட்பது வேறாகவும் இருக்கும், இரவில் மத்திய அலை வானில் மேலே சென்று மீண்டு வெகு தூரம் எட்டுவதே காரணம். எந்நிலையம் எவ்வேளையில் எத்தனை கிலோ ஹெர்ட்ஸிற் கேட்டதென்பதை ஒரு சீட்டில் எழுதிப் பலகையின் பின்புறம் ஒட்டிவிடுக. ஆண்டுதோறும் சீட்டைப் புதுப்பித்தல் அவசியம், சென்ற ஆண்டு கேட்ட நிலையம் இவ்வாண்டு இல்லாதிருக்கலாம். அன்றியும், ஒருவர் மட்டுமே சுற்றத் தெரிந்திருப்பது போதாது. அவர் ஊரில் இல்லாத நாளிலேயே புயல் வரக்கூடும். இருவருக்கேனும் கற்பித்தல் வேண்டும்.

சுருக்கம்

வட்டமாகச் சுற்றினால் முறுக்கு ஏறும், எட்டாகச் சுற்றினால் ஏறாது. வீட்டு நுனியிலிருந்து தொடங்கி மரத்து நுனியில் முடிக்க வேண்டும். துணிநாடாவாற் கட்டி, உலர்த்தி, உரமும் எலியும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். மேகம் கறுக்கும்போதே இறக்கிவிட வேண்டும், இடி கேட்டபின் தொடலாகாது. மின்கம்பியின் அருகே செல்லலாகாது. ஒரு பலகையும், இரண்டு முளையும், ஐந்து நிமிஷப் பழக்கமும் செலவாவதன்றி இதற்கு வேறு செலவில்லை. இருளும் மழையும் சூழ்ந்த இரவு கழிந்து, வெளியிலிருந்து ஒரு சொல்லும் எட்டாத காலைப் பொழுதில், தகரப் பெட்டியைத் திறந்தவுடன் சிக்கின்றி விரியும் கம்பியின் அருமையை வேளாளர் நன்கறிவர்.